கோமதி டீச்சர் மலை ஏறி வந்த சனிக்கிழமை

1

கோமதி டீச்சர் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, ஆரியசாலையில் ஹால் எடுத்து நினைவுக் கூட்டம் வைக்கிறோம், நீ வந்து பேச வேண்டும் என்று உமா சேச்சி திருவனந்தபுரத்திலிருந்து கூப்பிட்டபோது, நான் மஸ்கட்டில் என் அடுக்களையில் மத்தி கழுவிக்கொண்டிருந்தேன். கை நிறையச் செதில். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "வர்றேன் சேச்சி" என்று சொல்லிவிட்டேன். லீவு கிடைக்குமா என்றுகூட யோசிக்கவில்லை.

உமா சேச்சி டீச்சரின் ஒரே மகள். நான் டீச்சரிடம் நான்காம் வகுப்பு வரைக்கும் படித்தவள். இப்போது இங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸ். நெடுமங்காட்டுக்காரரான என் கணவர் பிஜு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள் அனகா. வீட்டில் பேச்செல்லாம் மலையாளம்தான். தமிழ் எனக்கும் போனுக்கும் நடுவில் மட்டும் மிச்சமிருக்கிறது.

அதுவும் எந்த லட்சணத்தில் என்று கேளுங்கள். போன வருடம் டீச்சர் இறந்த செய்தி வந்த அன்று, "டீச்சர் போனதில் எனக்கு ரொம்ப சங்கடம்" என்று எங்கள் கட்டிடத்தில் இருக்கும் மதுரைக்காரப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். "அதில் உங்களுக்கு என்ன சங்கடம் அக்கா? ஏதாவது பிரச்சினையா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். எங்கள் ஊரில் சங்கடம் என்றால் துக்கம். அவள் ஊரில் தர்மசங்கடம். துக்கத்தைக்கூட ஒழுங்காகச் சொல்ல வராதவளாகிவிட்டேனே என்று அன்றைக்கு இரண்டு முறை அழுதேன்.

கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. டீச்சரைத் தெரிந்த எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். ஆனால் அதை நேரில் பார்த்தவர்களில் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

2

பொன்முடி போகும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசையில் பிறந்தவர்கள் நானும் என் தோழி இசக்கியும். பக்கத்துப் பக்கத்து வீடு. நடுச்சுவர் கூரை வரை எட்டாது. அவர்கள் வீட்டில் தாளித்தால் நாங்கள் தும்முவோம். எங்கள் தாத்தாக்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள். பள்ளிக்கூடம் கீழே வித்துராவில். அங்கே ஒவ்வொரு வகுப்பிலும் மலையாள டிவிஷன்கள் பல, தமிழ் டிவிஷன் ஒன்று. மலையாள டிவிஷன் பிள்ளைகள் எங்களைப் 'பாண்டி' என்று, தமிழரைக் கேலி செய்யும் பெயரால் கூப்பிடுவார்கள். கோபமாகக்கூட இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல.

டீச்சர் திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்கிரகாரத் தெருவைச் சேர்ந்தவர். தினமும் முதல் பஸ்ஸில் வித்துராவுக்கு வருவார். மேஜை டிராயரில் சுண்ணாம்பு டப்பாவும் பேன்சீப்பும் வைத்திருப்பார். சுண்ணாம்பு, நடந்து வரும்போது எங்கள் காலில் ஏறிய அட்டைகளுக்கு. பேன்சீப்பு எங்கள் தலைகளுக்கு. மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டு முடித்ததும் எங்களை ஒவ்வொருத்தியாக முன்னால் உட்கார்த்தி வைத்துச் சீவி, பேனை நகத்தில் வைத்து நசுக்குவார். "அசடே, இப்படித் தலையை ஆட்டினா எப்படி?" என்பார். அந்த 'அசடே'வைக் கேட்பதற்காகவே தலையை ஆட்டுவோம். லயத்துப் பிள்ளைகளின் தலையைத் தொட்ட வெளியாள் அவர் ஒருவர்தான்.

நான்காம் வகுப்பு முடிந்த விடுமுறையில், தோட்டத்து ஆபீஸ் கிளார்க் எங்கள் அப்பாக்கள் இருவரையும் கூப்பிட்டு, மலையாளம் படிக்காவிட்டால் இந்த நாட்டில் பியூன் வேலைகூடக் கிடைக்காது என்று சொன்னார். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் இருவரும் போய் எங்கள் பெயரை மலையாள டிவிஷனுக்கு மாற்றிவிட்டு வந்தார்கள். நானும் இசக்கியும் முதல் வாரம் முழுக்கக் கடைசி பெஞ்சில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

அந்த வாரச் சனிக்கிழமைதான் டீச்சர் வந்தார். காலையிலிருந்து மழை. மேலே வரும் பஸ் பாதியிலேயே நின்றுவிட்டதாம். கொண்டை ஊசி வளைவுகளில் நடந்தே ஏறி வந்திருக்கிறார். புடவை முழங்கால் வரை சேறு. கணுக்காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது, அதைப் பார்க்கக்கூட இல்லை. லயத்துப் பெண்களெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

முதலில் எங்கள் வீடு. அப்பா வாசற்படியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"லீலாவைத் திரும்பத் தமிழ் கிளாஸுக்கு அனுப்புங்கோ. தாய்பாஷை போயிடுத்துன்னா அப்புறம் குழந்தைக்கு ஒண்ணும் ஒட்டாது" என்றார் டீச்சர்.

"உங்க மவ எங்க படிக்கா?" என்று கேட்டார் அப்பா.

டீச்சர் பதில் சொல்லவில்லை. உமா சேச்சி நகரத்தில் இங்கிலீஷ் கான்வென்ட்டில் படித்துக்கொண்டிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"உங்க மவளைக் கொண்டாந்து தமிழ்ல சேருங்க. பொறவு எம் மவளைக் கேக்க வாங்க. இப்பம் எறங்கிப் போங்க."

அத்தனை பேர் பார்க்க அப்படிச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தேன். டீச்சர் மெதுவாக இறங்கி இசக்கி வீட்டுக்குப் போனார். நடுச்சுவர் வழியாக எல்லாம் கேட்டது. இசக்கியின் அப்பா ஓடி ஓடிப் பாய் விரித்தார், துண்டு கொடுத்தார், அட்டையை எடுத்துப் போட்டார். காபி குடிப்பீர்களா என்று பயந்துகொண்டே கேட்டார். "குடுங்கோ" என்றார் டீச்சர். அக்கிரகாரத்து அம்மாள் எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் காபி குடித்தது அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது.

திங்கட்கிழமை இசக்கி தமிழ் வகுப்புக்குத் திரும்பிப் போனாள். என்னையும் அனுப்புங்கள் என்று அழுததற்கு அப்பாவிடமிருந்து கன்னத்தில் ஒன்று கிடைத்தது. அதற்குப் பிறகு பல வருடங்கள் நான் வராந்தாவின் இந்தப் பக்கம் நின்று, டீச்சர் இசக்கிக்குத் தலை சீவி விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவை மனதுக்குள் திட்டாத நாள் குறைவு.

3

மஸ்கட்டில் அனகாவுக்கு இரண்டாம் மொழி எடுக்க வேண்டிய வருடம் வந்தபோது, தமிழ் வேண்டும் என்று பள்ளி ஆபீஸில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் பாஸ்போர்ட் நகலைப் பார்த்தார். "கேரளமல்லே? பின்னெந்தினா தமிழ்?" என்றார். கேரளம்தானே, எதற்குத் தமிழ் என்று. அப்புறம், தமிழுக்கு ஆள் சேரவில்லை, இன்னும் சில பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றார். வேறு கவுண்டருக்கு அனுப்பினார். அந்தக் கவுண்டர் திரும்ப இவரிடமே அனுப்பியது. எனக்குத் தெரிந்த தமிழ் அம்மாக்களுக்கெல்லாம் போன் செய்தேன். "பிரெஞ்சுல மார்க் நல்லா வருது அக்கா" என்றார்கள். அனகா மலையாளம் எடுத்தாள். இப்போது நான் இசக்கியோடு போனில் பேசினால், "அம்மா வீண்டும் பாண்டி பாஷ", அம்மா மறுபடியும் பாண்டி பாஷை என்று அப்பாவிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அந்த வார்த்தையை அவள் எங்கிருந்து பிடித்தாளோ தெரியவில்லை. பிஜு ஒருமுறை அதட்டினார். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

இசக்கிக்கும் எனக்கும் தொடர்பு விட்டுப்போகவே இல்லை. நான் மலையாளத்தில் தட்டுத்தடுமாறிப் படித்து, நர்ஸிங் முடித்து, கடல் தாண்டினேன். அவள் பத்தாம் வகுப்பில் தமிழ் டிவிஷனிலேயே முதல். டீச்சர் அவளைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் தமிழில் படிக்க அங்கே வழியில்லை. பிளஸ் டூவில் சேர்ந்த சில மாதங்களிலேயே நின்றுவிட்டாள். மலையேறிக் கொழுந்து பறித்தாள். தோட்டம் பூட்டிக்கொண்டது. ஹோட்டலில் வேலை பார்த்த ஒருவனைக் கட்டினாள், அவன் விட்டுவிட்டுப் போனான். கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு ஏஜென்சி வழியாக, படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் நர்ஸ் வேலைக்குப் போனாள். ஆஸ்பத்திரி வார்டுகளில் நின்று நின்று மலையாளம் அவளுக்குத் தண்ணீராக வந்துவிட்டது.

டீச்சருக்குப் பக்கவாதம் வந்தது இதற்குப் பிறகு. வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆயுசு முழுக்கப் பேசிய மலையாளமும் இங்கிலீஷும் நாக்கை விட்டுப் போய்விட்டன. தமிழ் மட்டும் மிஞ்சியது, அதுவும் இழுத்து இழுத்து. உமா சேச்சியின் கணவர் மலையாளி, வீட்டில் பேச்சும் அதுதான். சேச்சி காலையில் ஆபீஸ் போனால் சாயங்காலம்தான் வருவார். வந்த ஹோம் நர்ஸ்களுக்கெல்லாம் டீச்சர் கேட்பது புரியவில்லை. ஒருத்தி இரண்டே நாளில் ஓடிவிட்டாள்.

"தமிழ் தெரிஞ்ச ஒரு பொண் கிடைச்சா அம்மா பிழைச்சுடுவா, லீலா" என்று சேச்சி போனில் அழுதபோது, இசக்கியைச் சொன்னது நான்தான். இசக்கி முதலில் தயங்கினாள். டீச்சர் உனக்காக மலையேறி வந்தவங்க, நீ போகாம யார் போவா என்று நான்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். அவள் போய்ச் சேர்ந்த அன்று எனக்கு ஒரு கல்யாணத்தை நடத்தி முடித்த நிம்மதி.

வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடுவேன். முதல் சில மாதம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் அப்புறம் இசக்கி போனை டீச்சர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் ஒன்றும் பேசாமல் நிற்பாள். டீச்சர் போனை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். "பேசு... பேசு" என்பார். என்ன பேச டீச்சர் என்றால், "எதானும்... பேசு." நான் கிளினிக்கைப் பற்றி, வெயிலைப் பற்றி, அனகாவைப் பற்றிச் சொல்வேன். நான் வைக்கிறேன் என்றால் குழந்தை மாதிரி அழுவார், போனை விட மாட்டார். இசக்கி விரல் விரலாகப் பிரித்து வாங்குவாள். என்மேல் இத்தனை பாசமா என்று, நான் வைத்த பிறகும் நெடுநேரம் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

4

ஆரியசாலையில் மிளகாய் மண்டிக்கு மேலே மாடியில் ஹால். படியேறும்போதே எல்லோருக்கும் தும்மல். அழுகிறவர்களும் தும்முகிறவர்களும் ஒரே மாதிரி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சாலைக்கடை பஜாரின் தமிழ் வியாபாரிகள் சிலர், டீச்சரோடு வேலை பார்த்தவர்கள், வித்துராவிலிருந்து வண்டி பிடித்து வந்த பழைய மாணவர்கள். மேடையில் டீச்சரின் படம் பெரிதாக, சந்தனமாலை போட்டு. இசக்கி கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள், எழுந்து வரவில்லை.

நான் பேசினேன். வெளிநாட்டுக்காரி என்று என்னைக் கடைசியில் பேச வைத்தார்கள். அந்தச் சனிக்கிழமையைச் சொன்னேன். மழை, சேறு, கணுக்காலில் ரத்தம். எங்கள் அப்பா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சபை உச்சுக்கொட்டியது. காபியைச் சொன்னபோது முன் வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அந்தத் தாயின் கையைப் பிடித்துப் போனவள் இந்த ஹாலில்தான் இருக்கிறாள், கடைசி வரைக்கும் அவரைப் பெற்ற தாய் போலப் பார்த்துக்கொண்டவளும் அவள்தான், இசக்கி, மேடைக்கு வா என்று கூப்பிட்டேன்.

கைதட்டல் நிற்கவே இல்லை. உமா சேச்சி எழுந்து போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். இசக்கி மைக்கைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்.

"டீச்சரெ ஞான் நோக்கி. அத்ரேயுள்ளூ" என்றாள். டீச்சரைப் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இறங்கிப் போய்விட்டாள். தமிழ்க் கூட்டத்தில் ஏன் மலையாளம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கூச்சம் என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

5

கூட்டம் முடிந்து நானும் அவளும் சாலைக்கடை வழியாகக் கிழக்கேகோட்டைக்கு நடந்தோம். அவள் வழியெல்லாம் எனக்கு நாலடி முன்னாலேயே போனாள். பஸ் ஸ்டாப்புக்கு முன்னால் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"மேடைக்குக் கூப்பிட்டது உனக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டேன்.

"நீ சொன்னதெல்லாம் உள்ளதுதான்" என்றாள். "ஆனா அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கக்கிழமை என்ன நாளுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"பள்ளிக்கூடம் தொறந்து ஆறாவது வேலை நாளு. அன்னைக்குத்தான் கல்வி ஆபீஸ்லேருந்து வந்து தலை எண்ணுவாங்க. எண்ணிக்கை கொறைஞ்சா டிவிஷன் போகும். டிவிஷன் போனா டீச்சருக்கு வேலை போகும்."

"இதை யார் சொன்னா உனக்கு?"

"டீச்சர்தான்."

டீ வந்தது. அவள் கிளாஸைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"நான் அங்க போய்க் கொஞ்ச மாசம் ஆயிருந்திச்சு. ஒரு நாள் மேல் கழுவி, நைட்டி மாத்தி, சன்னல் பக்கத்துல உக்கார வச்சிருந்தேன். நல்ல தெளிவா இருந்தாங்க. சும்மா பேச்சுக்குக் கேட்டேன். டீச்சர், அன்னைக்கு அந்த மழையில எதுக்கு மலை ஏறி வந்தீங்கன்னு. உன்மேல பாசம்டின்னு சொல்லுவாங்கன்னுதான் கேட்டேன். கேக்க ஆசையா இருந்திச்சு லீலா. வேற யாரு சொல்ல இருக்கா எனக்கு?"

"என்ன சொன்னாங்க?"

"'ஒரு தலை கொறைஞ்சுது'ன்னாங்க."

நான் என் கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன்.

"'நீயோ... அவளோ... ஒருத்தி வந்தாப் போறும்'னாங்க. பின்ன, 'உங்கப்பா நல்லவர்'னாங்க. சொல்லிட்டுச் சிரிச்சாங்க. வாதம் வந்தவங்களுக்கு அழுகை வரவேண்டிய எடத்துல சிரிப்பு வரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எனக்கும் அது தெரியும். எத்தனை பேரைப் பாத்திருக்கேன். ஆனாலும் சிரிச்சாங்க இல்லையா?"

பிளஸ் டூவைச் சொன்னாள். இத்தனை வருடத்தில் அவள் அதை எனக்குச் சொன்னதில்லை. முதல் வாரம் ஒரு சார் அவளை எழுப்பி என்னவோ கேட்டிருக்கிறார். கேள்வியே புரியாமல் நின்றிருக்கிறாள். வகுப்பு சிரித்திருக்கிறது. அவர் தினமும் முதலில் அவளை எழுப்பி நிறுத்திவிட்டுப் பாடத்தைத் தொடங்குவதை வழக்கமாக்கிக்கொண்டார். சிரித்து முடித்தால்தான் பிள்ளைகள் அடங்கி உட்காருவார்களாம்.

"உங்க அப்பா வெரட்டி விட்டாரு, நீ நர்ஸ் ஆனே. எங்க அப்பா காபி போட்டுக் குடுத்தாரு. அந்த அம்மா நம்ம கையால குடிச்சிட்டாங்களேன்னு சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாரு. அந்த டம்ளர்ல வேற யாரையும் குடிக்க விடல்ல."

"டீச்சர்கிட்ட சண்டை போட்டியா?"

"சண்டையா? வேலையில ஒரு குறை வைக்கல்ல. ஒரு படுக்கைப் புண் வந்திச்சா, கேட்டுப் பாரு. வேளைக்குச் சோறு, வேளைக்கு மருந்து." டீயை ஒரு வாய் குடித்தாள். "ஆனா அன்னையிலேருந்து நான் அவங்ககிட்ட தமிழ் பேசல்ல."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"மலையாளத்துலயே பேசினேன். 'டீச்சரே, எழுந்நேல்க்கூ. டீச்சரே, வா தொறக்கூ.' எந்திரிங்க, வாயைத் திறங்கன்னு. நல்ல மலையாளம், மரியாதையான மலையாளம். அவங்களுக்குக் கேட்டாப் பாதி புரியும், பேச வராது. 'தமிழ்ல சொல்லுடி'ம்பாங்க. நான் 'எந்தா டீச்சரே?'ம்பேன். சேச்சி சாயந்திரம் வந்ததும் நான் அடுக்களைக்குப் போயிருவேன். சேச்சிக்கு ஒண்ணும் தெரியாது. டீச்சரும் சொல்லல்ல."

"வெள்ளிக்கிழமை நான் கூப்பிடும்போது..."

"ஆமா. வாரம் முழுக்கத் தமிழ்ல நீ மட்டுந்தானே பேசுவே. வியாழக்கிழமையே போனைப் பாக்கத் தொடங்கிருவாங்க. அதனாலதான் பின்னால சில வாரம் நான் போனை எடுக்கல்ல."

நெட் சரியில்லை என்று அப்போது என்னிடம் சொல்லியிருந்தாள்.

"கடைசியில தண்ணின்னு கேட்டாக் குடுக்க மாட்டேன்" என்றாள் இசக்கி. "வெள்ளம்னு சொல்லணும். ரொம்ப நேரமெல்லாம் இல்ல, சொல்லுற வரைக்குந்தான். மொதல்ல 'வெ... வெ...'ன்னு அது மட்டும் வந்திச்சு. என் வாயைப் பாத்துச் சொல்லுங்கன்னு சைகை காட்டிச் சொல்லிக் குடுத்தேன். மெல்ல மெல்லப் படிச்சிட்டாங்க. வெள்ளம். போதும்னா மதி. வலிச்சா நோவுந்நு. சாகுறப்போ அந்த மூணும் சுத்தமா வந்திச்சு."

நான் நர்ஸ். படுக்கையில் கிடப்பவருக்கு ஒரு வாய் தண்ணீர் தாமதமானால் என்ன என்று எனக்குத் தெரியும். எழுந்து அவளை அறைந்திருக்க வேண்டும், அல்லது அங்கிருந்து போயிருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. அவளைப் பார்த்தால் குதூகலமும் தெரியவில்லை, வருத்தமும் தெரியவில்லை. பரீட்சை எழுதி முடித்தவள் மாதிரி இருந்தாள்.

"எப்படிடீ மனசு வந்திச்சு?" என்று மட்டும் கேட்டேன். "உனக்குப் பேன் பார்த்து விட்டவங்க இல்லையா?"

"அதான் பொறுக்கல்ல. அந்தப் பாசம் பொய்னா அன்னைக்கே பையைத் தூக்கிட்டுப் போயிருப்பேன். அது பொய்யில்ல லீலா. என்னை உண்மையாத்தான் வச்சிருந்தாங்க. வேலைக்காக இழுத்துட்டுப் போனாங்க, போன எடத்துல உண்மையாவே வச்சுக்கிட்டாங்க. நான் யாருகிட்டப் போய் என்னன்னு கேப்பேன்?"

அவள் பஸ் வந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததும் எப்போதும் போலக் கையாட்டினாள்.

நான் எங்கள் அப்பாவை நினைத்தபடி நின்றேன். அவர் செத்து வருடங்கள் ஆகின்றன. சற்று முன்புதான் ஒரு சபையே அவரைப் பார்த்து உச்சுக்கொட்டும்படி பேசிவிட்டு வந்திருக்கிறேன். அன்று அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு டீச்சரிடம் பதில் இருக்கவில்லை என்பதை மேடையில் நானே என் வாயால் சொன்னேன். சொன்ன எனக்கும் உறைக்கவில்லை, கேட்டவர்களுக்கும் உறைக்கவில்லை.

6

மறுநாள் காலையில் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது உமா சேச்சி கூப்பிட்டார்.

"நேத்திக்கு நீ பேசினது இருக்கே லீலா, அம்மாவே வந்து நின்ன மாதிரி இருந்தது" என்றார். அவர் அம்மாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்த வீட்டுத் தமிழ் திரும்பி வந்துவிடும். "அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டாதான். ஆனா எனக்கு ஒரே ஒரு ஆறுதல். நானோ காலம்பற போனா சாயங்காலம்தான் வருவேன். எங்காத்துலயும் யாரும் தமிழ் பேசறதில்லை. கடைசி வரைக்கும் அம்மா காதுல தமிழ் விழுந்துண்டே இருந்ததுன்னா அது இசக்கியாலதான். இல்லையா?"

பிஜு ஊரிலிருந்து வாங்கி வரச் சொன்ன சக்கை வற்றல், பலாச்சுளை வறுவல், பொட்டலங்களைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றைக் கையில் வைத்தபடியே நின்றேன்.

"ஆமா சேச்சி" என்றேன்.

"இன்னொண்ணு. என் மாமியார் போன மாசம் பாத்ரூம்ல விழுந்துட்டா. இடுப்பெலும்பு. இனிமே படுக்கைதான்கறா டாக்டர். ஏஜென்சிலேர்ந்து யார் யாரையோ அனுப்பறா. நேக்கு இசக்கி வந்தாத்தான் நிம்மதி. அவளை மாதிரி அன்பா யார் பாத்துப்பா? நீ சொன்னாக் கேப்பா. ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்."

கேட்கிறேன் என்று சொன்னேன். மஸ்கட் வந்து ஒரு வாரம் வரைக்கும் கேட்கவில்லை. கிளினிக்குக்குப் போனேன், வந்தேன், மீன் கழுவினேன். சேச்சியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனை எடுப்பேன். அந்த ஒரே ஆறுதலையும் பிடுங்கிக்கொண்டு அவருக்கு என்னத்தைக் கொடுக்கப் போகிறேன் என்று வைத்துவிடுவேன். இசக்கிக்கு அப்போது வேலை இல்லை. அதுவும் எனக்குத் தெரிந்திருந்தது. சேச்சி இரண்டு முறை ஞாபகப்படுத்தினார்.

வெள்ளிக்கிழமை இசக்கியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவளுக்குப் பின்னால் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது.

"அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஒரு வார்த்தை தெரியாது. மலையாளம் மட்டுந்தான்."

"அப்பம் வர்றேன்னு சொல்லு" என்றாள் இசக்கி. "அவங்களை நான் நல்லாப் பாத்துக்கிடுவேன்."